ஆள்காட்டிக்கு ஆள் தேவை

வேலங்காட்டை ஒட்டி ஒரு கண்மாய் இருந்தது. கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் சரளைக் கல் பரந்த ஒரு பொட்டல். அந்தப் பொட்டலில் செவத்தி என்ற ஆள்காட்டிப் பறவை நான்கு முட்டை இட்டு அடைகாத்து வந்தது.

ஆள்காட்டி கூடு கட்டாது. தரையில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் நாலு கூழாங்கல், அவ்வளவுதான் அதன் வீடு. முட்டையும் கல்லின் நிறத்திலேயே இருக்கும். தெரியாதவர்கள் மிதித்துவிட்டுப் போவார்கள். தெரிந்தவர்கள் தின்றுவிட்டுப் போவார்கள்.

காட்டுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கண்டுபிடிப்பது ஆள்காட்டிதான். நரி வந்தாலும் சரி, விறகு பொறுக்க மனிதர் வந்தாலும் சரி, தொண்டை கிழியக் கத்தி ஊரையே உஷார்படுத்திவிடும். யாரும் கேட்காமல், யாரிடமும் கூலி வாங்காமல் செவத்தி இத்தனை காலம் இந்த வேலையைச் செய்துவந்தது. இப்போது செவத்திக்கே ஒரு காவல் தேவைப்பட்டது.

காரணம் வெயில். சித்திரை மாதத்து உச்சிப் பொழுதில் சரளை அப்பளச் சட்டி மாதிரி காயும். முட்டையை அப்படியே விட்டால் உள்ளே இருப்பது வெந்துவிடும். அதனால் செவத்தி கண்மாய்க்குப் பறந்துபோய், வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, திரும்பி வந்து முட்டைமேல் உட்கார வேண்டும். ஒரு மத்தியானத்துக்கு மூன்று தடவையாவது இப்படிப் போய்வர வேண்டும்.

போய்வருகிற நேரத்தில் முட்டைக்கு யார் காவல்? போன வாரம் வரை செவத்தியின் கணவன் இருந்தது. ஒரு நாள் காலையில் வல்லூறு அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. செவத்தி அழுது முடிப்பதற்குள் உச்சிப் பொழுது வந்துவிட்டது. அழுகையை நிறுத்திவிட்டுத் தண்ணீருக்கு ஓடியது.

வேலமரத்தில் ஓர் அண்டங்காக்கை உட்கார்ந்து இதையெல்லாம் பொறுமையாகக் கவனித்துவந்தது. காக்கைக்கு ஒரு குணம் உண்டு. தன்னை ஒருவர் பார்த்துவிட்டார், கத்தப்போகிறார் என்று தெரிந்தால் இறங்காது. ஆகவே காவல்காரர் சண்டை போட வேண்டியதில்லை. நேரத்துக்கு வந்து, முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் கல்மேல் உட்கார்ந்து, காக்கை அசைந்தால் கத்தினால் போதும். இதைவிடச் சுலபமான வேலை அந்தக் காட்டில் கிடையாது.

செவத்தி இரண்டு மைனாக்களைக் கூப்பிட்டுச் செய்தி சொல்லி அனுப்பியது. மைனாக்கள் காடு முழுக்கக் கூவின.

"ஆள்காட்டிக்கு ஆள் தேவை! உச்சிப் பொழுது வேலை! கத்தத் தெரிந்திருக்க வேண்டும்! தினக்கூலி வெட்டுக்கிளி!"

மறுநாள் விடியற்காலையிலேயே ஆந்தை வந்துவிட்டது. கண் பாதி மூடியிருந்தது.

"என் கண்ணைப் பத்தி நீயே கேள்விப்பட்டிருப்பே. இந்தக் காட்டுல என்னைவிடப் பார்வை யாருக்கு?" என்றது ஆந்தை.

"ரொம்பச் சந்தோஷம்ங்க! உச்சிப் பொழுதுக்கு வந்துட்டா போதும்!"

"உச்சிப் பொழுதா? பகலா?"

"உச்சி பகல்லதாங்க வரும்."

"பகல்ல நான் பொந்தை விட்டு வெளிய வர்றதில்லையே. ஒண்ணு செய்யலாம். பொந்துல இருந்தபடியே பாத்துக்கிறேன்!"

"பொந்துல இருந்தா பொட்டல் தெரியுமா?"

"தெரியாது. ஆனா கவனம் பூரா இங்கதான் இருக்கும்!"

செவத்தி நன்றி சொல்லி அனுப்பிவைத்தது. ஆந்தை தூங்கப் போயிற்று.

அடுத்தது மயில். காலையில் வரச் சொன்னால் வெயில் ஏறிய பிறகு வந்தது. வந்ததும் தோகையை ஒரு தடவை உதறிவிட்டு, பொட்டலைச் சுற்றிப் பார்த்தது.

"நிழலே இல்லையே!"

"நிழல் இருந்தா எனக்குக் காவலே வேணாம்ங்க," என்றது செவத்தி.

"சரி. மேகம் திரண்டா எனக்கு லீவு வேணும். அன்னிக்கு நான் ஆடணும். வெயில் அடிச்சாலும் லீவு வேணும். தோகை வெளுத்துரும்."

"மேகமும் இல்லாம வெயிலும் இல்லாத நாள் ஏதாச்சும் உண்டா?"

மயில் யோசித்தது. "அமைஞ்சா சொல்லி விடுறேன்!" என்று கம்பீரமாக நடந்து போயிற்று.

மூன்றாவதாக வந்தது மருதாயி என்ற அணில். பனைமரத்து மட்டை இடுக்கில் குடியிருந்தது. வால் முடி அங்கங்கே பிய்ந்திருந்தது. பார்த்தால் காவல்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அணில் கத்தினால் காது வலிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"அக்கா, நேரத்தைச் சரியாச் சொல்லுங்க," என்றது மருதாயி.

"அந்தப் பனை நிழல், பனையோட காலடிக்குள்ள சுருங்குதுல்ல? அப்ப வரணும். நிழல் கிழக்க சாஞ்சு, அந்தா இருக்கே எல்லைக் கல்லு, அதைத் தொட்டதும் போயிறலாம்."

மருதாயி பனையைப் பார்த்தது. கல்லைப் பார்த்தது. மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டது.

"உச்சிக்கு வந்துருவேன். ஆனா நிழல் கல்லுக்குப் பாதி தூரம் வரைக்கும்தான் இருக்க முடியும். அதுக்கு மேல முடியாதுக்கா. மூணு பிள்ளைங்க. அந்நேரத்துக்குப் பால் கொடுக்கலைன்னா கத்திக் கத்தியே மரத்துல இருந்து விழுந்துருங்க. இன்னொண்ணு, எனக்கு வெட்டுக்கிளி வேணாம். இலந்தைப் பழம் கொடுங்க."

செவத்திக்குச் சுள்ளென்று வந்தது. ஆந்தையும் மயிலும் ஏற்கெனவே அதன் பொறுமையைத் தின்றுவிட்டிருந்தன. மிச்சம் இருந்த கோபம் முழுவதும் அணில் தலையில் விழுந்தது.

"வேலையில காலே வைக்கல, அதுக்குள்ள நிபந்தனையா? பாதி நேரம் காவலுக்குப் பாதி முட்டையா வச்சிருக்கேன்? உனக்கு மட்டும்தான் பிள்ளைங்களா?"

"இல்லக்கா. முடியாததை முன்னாடியே சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுன்னுதான்..."

"முடியாதவங்க எதுக்கு வர்றீங்க? போ, போ!"

மருதாயி பனைக்கு ஓடியது. செவத்திக்கு மனதில் ஓரமாக உறுத்தியது. ஆனால் கோபம் வந்தவர்களுக்கு உறுத்தலைக் கேட்க நேரம் இருப்பதில்லை.

கடைசியாக வந்தது சடையாண்டி என்ற ஓணான். வந்த உடனேயே தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. அந்தத் தலையாட்டலே செவத்திக்கு ஆறுதலாக இருந்தது.

"அண்ணே, நிழல் பனைக்குள்ள சுருங்கும்போது வரணும்."

ஓணான் தலையாட்டியது.

"நிழல் கல்லைத் தொடுற வரைக்கும் இருக்கணும்."

ஓணான் தலையாட்டியது.

"நடுவுல எங்கயும் எழுந்து போகக் கூடாது."

ஓணான் இன்னும் வேகமாகத் தலையாட்டியது. ஓணானின் தலை பிறந்ததிலிருந்தே ஆடிக்கொண்டிருக்கிறது, யாரும் எதுவும் கேட்காதபோதும் ஆடும் என்பதைச் செவத்தி அந்த நேரம் மறந்துபோனது. வேண்டியது கிடைக்கிறபோது இந்த மறதி எல்லாருக்கும் வரும்.

"அப்ப தினமும் காவல் பாப்பீங்கல்ல?"

"பாப்போம் தங்கச்சி!" என்றது ஓணான்.

அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காவல் பார்ப்போம் என்றும் வைத்துக்கொள்ளலாம். முடிகிறதா பார்ப்போம் என்றும் வைத்துக்கொள்ளலாம். செவத்தி முதல் பொருளை எடுத்துக்கொண்டு நிம்மதியாக முட்டைமேல் உட்கார்ந்தது. ஓணான் இரண்டாவது பொருளோடு வீட்டுக்குப் போனது.

முதல் நாள் உச்சி வந்தது. பனை நிழல் சுருங்கியது. ஓணான் வரவில்லை. செவத்தி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. வயிற்றுக்குக் கீழே முட்டை சுட்டது. நிழல் மறுபடி வெளியே வந்து நான்கு முழம் சாய்ந்த பிறகு சடையாண்டி ஆடி அசைந்து வந்தது.

"என்னண்ணே, உச்சிக்கு வரச் சொன்னேனே!"

"இதுதானே உச்சி?"

"உச்சி போயி எம்புட்டு நேரம் ஆச்சு!"

"அப்படியா? வெயில் காஞ்சுக்கிட்டு இருந்தேன். காயாம எனக்கு உடம்பு அசையாது."

"எங்க காஞ்சீங்க?"

ஓணான் தலையைத் திருப்பிக் காட்டியது. இருபது அடி தள்ளி ஒரு கறுப்புப் பாறை. அதன்மேல் உட்கார்ந்தால் முட்டைப் பள்ளம் கையில் இருப்பதுபோலத் தெரியும்.

"அப்ப இந்தக் கல்லுலயே வந்து காயலாமே! அதே வெயில்தானே?"

"அதெப்படி? இது வேலைக் கல்லு. இதுல உக்காந்து காஞ்சா அது வேலை நேரமாயிரும். எனக்குன்னு கொஞ்ச நேரம் வேணாமா?"

செவத்தி, முதல் நாள்தானே என்று விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் பறந்தது.

இரண்டாம் நாள் ஓணான் கொஞ்சம் முன்னதாகவே வந்தது. செவத்திக்கு முகம் மலர்ந்தது.

"தங்கச்சி, ஒரு யோசனை! இந்த உச்சிப் பொழுதைக் காலையில வச்சுக்கலாமா? காலையில எனக்கு ஒரு ஜோலியும் இல்ல."

"காலையில வெயிலே இருக்காதேண்ணே. முட்டை சுடாது. நான் கண்மாய்க்கே போக மாட்டேன். அப்ப எதுக்குக் காவல்?"

"அதைத்தான் சொல்றேன். வேலையும் சுளுவா இருக்கும்!"

"உச்சியை நானாண்ணே வச்சேன்? சூரியன்ல வச்சிருக்கு!"

"ஒரு வார்த்தை கேட்டுப் பாத்திருக்கலாம்," என்று ஓணான் வருத்தப்பட்டது. சூரியனிடம் யாரும் பேசிப் பார்க்கவில்லை என்பதில் அதற்கு உண்மையாகவே மனத்தாங்கல்.

மூன்றாம் நாள் ஓணான், சாப்பிட்டால்தான் கண் தெரியும் என்று கூலியை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டது. வெட்டுக்கிளிகளைத் தின்று முடித்தது. நிழல் கல்லுக்குப் பாதி தூரம் வந்ததும் எழுந்துகொண்டது.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க? இன்னும் பாதி இருக்கே!"

"தின்னதும் ஒரு அசதி. மிச்சப் பாதியை நாளைக்குச் சேத்துப் பாத்துர்றேன்."

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இன்னைக்கு மத்தியானத்தை எப்படிண்ணே அடைப்பீங்க?"

"அதை நாளைக்கு யோசிப்போம்!"

நாலாம் நாளிலிருந்து செவத்தி தன் வேலையை ஓணானுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள ஆரம்பித்தது. ஓணான் வந்த பிறகுதான் தண்ணீருக்குப் போவது என்று முடிவு செய்தது. அதுவரை முட்டைகளுக்கு மேலே இரண்டு சிறகையும் விரித்துக் குடை பிடித்தபடி நின்றது. வாய் திறந்து, நாக்கு வெளியே தெரிய மூச்சு வாங்கியது. காலின் மஞ்சள் தோல் உரிந்தது. வேலைக்கு ஆள் வைத்த பிறகுதான் செவத்திக்கு வேலை கூடியது.

மைனாக்கள் பார்த்தன. அவற்றால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

"ஏ செவத்தி! இந்த ஆளை எதுக்கு வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறே? அனுப்பிட்டு வேற ஆளைப் பாரு!"

"புது ஆளுல்ல? போகப் போகப் பழகிரும்," என்றது செவத்தி.

அது சொன்னது பாதிதான் உண்மை. வேறு ஆள் என்றால் பனைமரத்து அணிலைத்தான் கேட்க வேண்டும். அன்றைக்கு அந்த விரட்டு விரட்டிவிட்டு இப்போது எந்த முகத்தோடு போய்க் கேட்பது? செவத்திக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க ஓணானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை மைனாக்களிடம் சொன்னது. மைனாக்கள் நம்பவில்லை. செவத்தியும் நம்பவில்லை.

ஐந்தாம் நாள் ஓணான் வரவேயில்லை. சாயங்காலம் அந்தப் பக்கமாகப் போனபோது செவத்தி மறித்துக்கொண்டது. அன்று முட்டை ஒன்று தொட முடியாத அளவு சுட்டிருந்தது.

"அண்ணே, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. இந்த நாலு முட்டையும் அவரு விட்டுட்டுப் போனது. இதைத் தவிர எனக்குன்னு இந்த உலகத்துல ஒண்ணும் இல்ல. நாளைக்கு உச்சிக்கு வந்து காவல் பாப்பீங்களா, மாட்டீங்களா?"

ஓணான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டது. தலை வேகமாக ஆடியது.

"பாப்போம் தங்கச்சி! கண்டிப்பாப் பாப்போம்!"

செவத்திக்குப் பாரம் இறங்கியது.

ஆறாம் நாள் வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கண்மாயிலிருந்து ஆவி பறந்தது. பனை நிழல் சுருங்கிக் காலடிக்குள் போனது. செவத்தி பார்த்தது. வேலைக் கல் காலியாக இருந்தது. ஆனால் இருபது அடி தள்ளிக் கறுப்புப் பாறைமேல் ஓணான் உட்கார்ந்திருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

'வந்துருச்சு! அங்க உக்காந்தா என்ன, இங்க உக்காந்தா என்ன? கண்ணு இங்கதான் இருக்கு,' என்று நினைத்தது செவத்தி. முட்டை தகித்தது. அதற்குமேல் பொறுக்க முடியாது. செவத்தி கண்மாய்க்குப் பறந்தது.

அது தண்ணீரில் வயிற்றை நனைத்த நேரம், வேலமரத்துக் கிளை ஒன்று லேசாக ஆடியது. அண்டங்காக்கை பொட்டலில் இறங்கியது. நான்கு எட்டு நடந்தது. நின்று சுற்றிப் பார்த்தது. யாரும் கத்தவில்லை. பள்ளத்துக்குள் தலையை விட்டு ஒரு முட்டையைக் கொத்தி எடுத்துக்கொண்டு பறந்தது.

இறகில் நீர் சொட்டச் சொட்டச் செவத்தி திரும்பி வந்தது. பள்ளத்தைப் பார்த்தது. மூன்று முட்டை இருந்தது. நான்காவது இருந்த இடத்தில் சரளை கொஞ்சம் கலைந்திருந்தது.

செவத்தி கத்தியது. காடே அதிர்கிற மாதிரி கத்தியது. ஆனால் ஆள்காட்டி கத்தினால் ஆபத்து வருகிறது என்றுதான் காட்டில் எல்லாருக்கும் பழக்கம். முயல் வளைக்குள் ஓடியது. கவுதாரி புதருக்குள் ஒளிந்தது. துணைக்கு ஒருவரும் வரவில்லை.

ஓணான் மட்டும் பாறையிலிருந்து நிதானமாக இறங்கி வந்தது.

"என்ன தங்கச்சி, காக்கா எடுத்துருச்சா?"

"நீங்க பாத்தீங்களா!"

"பாத்தேனே! மரத்துல இருந்து இறங்குனது, நாலு எட்டு நடந்தது, நின்னு திரும்பிப் பாத்தது, எல்லாம் பாத்தேன். இடது பக்கத்து முட்டையைத்தான் எடுத்துச்சு."

"பாத்துட்டு ஏண்ணே கத்தல?"

"நான்தான் இன்னும் வேலைக்கு வரலையே!" என்றது ஓணான். அதன் குரலில் ஒளிவு மறைவே இல்லை. "அந்தப் பாறையில நான் எனக்காகக் காஞ்சுக்கிட்டு இருந்தேன். வேலைக்கு வந்திருந்தா கண்டிப்பாக் கத்தியிருப்பேன்!"

"நேத்து நெஞ்சுல கை வச்சு, பாப்போம்னு சொன்னீங்களே!"

"ஆமா, பாப்போம்னுதான் சொன்னேன். முடியுமா முடியாதான்னு காலையில எந்திரிச்சுப் பாத்தேன். இன்னைக்கு முடியாதுன்னு பட்டுச்சு. இதுல நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

இத்தனை நாளும் ஒரு சொல்லைத்தான் காவலுக்கு வைத்திருந்தோம் என்று அப்போதுதான் செவத்திக்கு விளங்கியது. திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தது. அழுகைதான் வந்தது. கணவன் போனபோது அழுது முடிக்காத அழுகையும் சேர்ந்து வந்தது. ஓணான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இன்றைக்கு வேலை இருக்காது போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போயிற்று.

வெயில் நிற்கவில்லை. மூன்று முட்டை மிச்சம் இருந்தது. செவத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு மைனாக்களைக் கூப்பிட்டது.

"பனைமரத்து மருதாயிகிட்ட போங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

"அன்னைக்கு விரட்டினியே, அதுகிட்டயா?"

"அதுகிட்டதான். அன்னைக்கு நான் பேசினது தப்புன்னும் சொல்லுங்க."

மருதாயி விழுந்தடித்து ஓடிவந்தது. பள்ளத்தைப் பார்த்தது. அதற்கும் கண் கலங்கியது. பிறகு பனை நிழலைத் திரும்பிப் பார்த்தது. நிழல் கல்லுக்குப் பாதி தூரத்தைத் தாண்டியிருந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு என் நேரம் தாண்டிருச்சு. பிள்ளைங்க கத்துதுங்க. நாளைக்கு உச்சிக்கு வர்றேன். பாதி வரைக்கும் இருப்பேன். மிச்சப் பாதிக்கு நீங்கதான் வழி பண்ணிக்கணும்."

இப்போதுகூடப் பாதிதான் என்கிறதே! ஆனால் இந்தத் தடவை செவத்தி கோபப்படவில்லை. தலையை மட்டும் அசைத்தது. அன்று பொழுது சாயும்வரை முட்டையை விட்டு அசையாமல் சிறகை விரித்து நின்றது. எப்படி நின்றது என்று அதற்கே தெரியாது.

மறுநாள் பனை நிழல் காலடிக்குள் சுருங்குவதற்கு முன்பே வேலைக் கல்மேல் ஒரு பிய்ந்த வால் தெரிந்தது.

"வந்துட்டேன்க்கா! நீங்க கிளம்புங்க!"

செவத்தி தயங்கித் தயங்கிப் பறந்தது. போகிற வழியில் மூன்று தடவை திரும்பிப் பார்த்தது. அண்டங்காக்கையும் நேற்றைய ருசியில் கிளையை விட்டு எழும்பியது. பாதி வழிகூட இறங்கியிருக்காது. மருதாயி வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு கத்து கத்தியது பாருங்கள், பொந்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆந்தை முழித்துக்கொண்டு யார் அது என்று கேட்டது!

காக்கை நடுவானத்திலேயே திரும்பிக்கொண்டது.

"சும்மா தண்ணி குடிக்கத்தான் வந்தேன்! அதுக்கு எதுக்கு இந்தக் கத்து?" என்றது காக்கை.

"கண்மாய் அந்தப் பக்கம் இருக்கு!" என்றது மருதாயி.

செவத்தி திரும்பி வந்து எண்ணிப் பார்த்தது. மூன்றும் இருந்தது.

இரண்டே நாளில் செவத்திக்கு ஒரு விஷயம் புரிந்தது. மருதாயி இருப்பது பாதி நேரம்தான். ஆனால் எந்தப் பாதி என்று தெரிந்துவிட்டது. எனவே மூன்று தடவை தண்ணீருக்குப் போவதையும் அந்தப் பாதிக்குள்ளேயே முடித்துக்கொண்டது. மருதாயி கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் கடைசியாக ஒரு தடவை நன்றாக முங்கி வந்து உட்கார்ந்தால், வெயில் தணியும்வரை ஈரம் தாங்கியது. ஓணானின் முழு நேரத்தை நம்பி வெந்துகொண்டிருந்த முட்டை, அணிலின் பாதி நேரத்தில் குளிர்ந்தது.

ஒரு நாள் மருதாயியின் கடைக்குட்டிக்கு உடம்பு சரியில்லை. அன்று காலையிலேயே பனையிலிருந்து குரல் கொடுத்துவிட்டது.

"அக்கா! இன்னைக்கு வர முடியாது! வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க!"

காலையிலேயே தெரிந்ததால் செவத்தி மைனாக்களிடம் சொல்லி வைத்தது. அவை அன்று மத்தியானம் வந்து உட்கார்ந்து, காக்கையை இறங்கவிடாமல் ஓயாமல் பேசித் தீர்த்தன. காக்கை காது வலி தாங்காமல் அன்று வேறு காட்டுக்குப் போய்விட்டது.

நாட்கள் போயின. ஒரு விடியற்காலையில் முதல் முட்டையில் விரிசல் விட்டது. மத்தியானத்துக்குள் மூன்று குஞ்சும் வெளியே வந்து, இறகு காய்ந்ததும் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டன. சரளைமேல் மூன்று கல் உருண்டு போகிற மாதிரி இருந்தது. செவத்திக்குச் சிரிப்பு வந்தது. குஞ்சுகளைக் கூப்பிட்டுச் சிறகுக்குள் சேர்த்துக்கொண்டபோது, இடது பக்கம் இன்னும் ஒரு குஞ்சுக்கு இடம் இருந்தது.

சாயங்காலம் ஓணான் வந்தது. குஞ்சுகளைப் பார்த்ததும் அதற்கு மனமார மகிழ்ச்சி.

"அடடே, பொரிச்சிருச்சா! நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்! தங்கச்சி, உங்கிட்ட ஒரு உதவி. கரும்புத் தோட்டத்துல கவுதாரி வீட்டுக்குக் காவலுக்கு ஆள் கேக்குறாங்க. இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தேன்னு விசாரிப்பாங்க. உங்கிட்ட நாலு முட்டைக்குக் காவல் இருந்தேன்னு சொல்லிக்கட்டுமா?"

செவத்தி சிறகைக் கொஞ்சம் விரித்துக் குஞ்சுகளை மூடிக்கொண்டது.

"நாலு முட்டைன்னே சொல்லுங்கண்ணே. மூணு குஞ்சுதான் பொரிச்சதுன்னும் சேத்துச் சொல்லுங்க."

ஓணான் கரும்புத் தோட்டம் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு வேறு பக்கமாக நடந்தது.

வர முடியாத நேரத்துக்கெல்லாம் தலையாட்டிவிட்டு வேலையில் சேருபவரைவிட, எந்த நேரம் தன்னால் முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டு, ஒத்துக்கொண்ட நேரத்தில் தவறாமல் வந்து நிற்பவரே நம்பத் தகுந்தவர்.